1,200 அடி போரில் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. இன்னும் ஆழம் போனால் மின்சாரம் எடுக்கலாமா?

கேள்வி: அவிநாசித் தோட்டம்

வணக்கங்க. எங்கள் தோட்டம் அவிநாசிப் பக்கம். தென்னை, கொஞ்சம் மஞ்சள். அப்பா காலத்துக் கிணறு வற்றிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. போன வருடம் போட்ட இரண்டு போரிலும் புகை பறந்ததோடு சரி. மூன்றாவதில் 1,200 அடியில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் கிடைத்தது. மோட்டார் 1,100 அடியில் தொங்குகிறது.

இப்போது மார்கழி. விடியற்காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. தொட்டியில் விழும்போது லேசாக ஆவிகூடத் தெரிகிறது. அம்மா தனியாக வெந்நீர் வைப்பதையே விட்டுவிட்டார். "பூமிக்குள்ள அடுப்பு எரியுது சாமி" என்கிறார்.

ஐஸ்லாந்திலும் கென்யாவிலும் பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கிறார்கள் என்று படித்தேன். 1,200 அடிக்கே இப்படி என்றால், 10,000 அடி போனால் கொதிக்காதா? சோலார் ராத்திரி ஓடாது. காற்றாலை சீசன் முடிந்தால் படுத்துவிடும். பூமிச் சூடு இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. நம் பக்கம் ஏன் யாரும் இதைக் கையில் எடுக்கவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பதில்: நெய்வேலி டர்பைன்

தம்பி, நான் நெய்வேலியில் 26 வருடம் டர்பைன் பராமரிப்பில் இருந்தவன். அப்புறம் ஒரு ஒப்பந்த நிறுவனம் மூலமாகக் கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கில் நான்கு வருடம் புவிவெப்ப மின்நிலைய வேலை பார்த்தேன். அதனால் இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம். நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் போர். ஆழம் போகப் போகச் சூடு ஏறுவது எல்லா ஊரிலும் உண்டு. உலகச் சராசரி ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. ஆனால் நம் பக்கத்துப் பாறை மிகப் பழையது, ஆறிப்போனது. அதில் இந்த ஏற்றம் சராசரியில் பாதியளவுதான் இருக்கும். உங்கள் 1,200 அடி என்பது சுமார் 365 மீட்டர். ஐந்து டிகிரி ஏறியிருக்கலாம். தரையடி வெப்பம் உங்கள் ஊரில் 28 டிகிரிக்குப் பக்கம் என்று வைத்தால் தண்ணீர் 33 இருக்கும். மோட்டார் சூடு ஒரு டிகிரி சேரலாம். மார்கழிக் காற்று 19, 20 டிகிரியில் இருக்கும்போது அந்த 33 கைக்கு வெந்நீராகத் தெரிகிறது. சித்திரையில் மத்தியானம் அதே தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாது.

ஒரு வேலை சொல்கிறேன், செய்வீர்களா? ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். மோட்டார் போட்டு முதல் பத்து நிமிடம் பைப்பில் நிற்கும் பழைய தண்ணீர் வரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அரை மணி கழித்து, குழாய் வாயிலேயே பிடித்து அளந்து இங்கே எழுதுங்கள்.

பதில்: மாரிக்குப்பம் பேரன்

10,000 அடியில் என்ன இருக்கும் என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் இருக்கிறது. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம், அதாவது 10,000 அடிக்கும் மேல். என் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அடித்தளத்தில் பாறையின் சூடு 65 டிகிரியைத் தாண்டும். மேலே இயந்திரம் வைத்துக் குளிரூட்டிய காற்றை உள்ளே இறக்கித்தான் வேலை வாங்கினார்கள். பாறையில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும் என்பார் தாத்தா. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் அரைமணி நேரம் பேசமாட்டாராம், தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பாராம். ஆனால் கொதிக்கவில்லை.

பதில்: அவிநாசித் தோட்டம்

அண்ணா, தெர்மாமீட்டர் கண்டிப்பாக வாங்குகிறேன். மாரிக்குப்பம் நண்பர் சொன்னதைப் படித்ததும் மனம் கொஞ்சம் சோர்ந்துவிட்டது. 10,000 அடிக்கே 65 டிகிரி என்றால் கென்யாவில் மட்டும் எப்படி முடிகிறது? அங்கே எவ்வளவு ஆழம் போகிறார்கள்? செலவு என்ன ஆகும்?

பதில்: நெய்வேலி டர்பைன்

மாரிக்குப்பம் தம்பிக்கு நன்றி. இந்த விவாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அந்தக் கணக்கையே நீட்டிப் பாருங்கள். 3.2 கிலோமீட்டருக்கு ஏறியது நாற்பது டிகிரி. டர்பைன் ஓட்டக் குறைந்தது 150 டிகிரியாவது இருந்தால் நிம்மதி. அந்தப் பாறையில் 150 வேண்டுமானால் ஒன்பது, பத்து கிலோமீட்டர் போக வேண்டும். மனிதன் இதுவரை போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது, 12,262 மீட்டர். 1970இல் தொடங்கி அந்த ஆழம் தொட 1989 ஆயிற்று. ஆராய்ச்சிக்காகப் போட்டது அது. கரண்டு விற்றுக் காசு பார்க்க அப்படி ஒரு துளை கட்டுப்படியாகாது.

கென்யாவில் நான் வேலை பார்த்த பக்கம் ஓல்காரியா என்ற இடம். அங்கே இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலேயே 250 டிகிரிக்கு மேல். அங்கே ஆப்பிரிக்கக் கண்டம் கிழிந்துகொண்டிருக்கிறது. கிழிசலுக்கு அடியில் உருகிய பாறை மேலே வந்து நிற்கிறது. ஐஸ்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நியூசிலாந்து எல்லாம் எரிமலை நாடுகள். இத்தாலியின் லார்தரெல்லோவில் 1904இல் இந்த நீராவியால் ஐந்து பல்பு எரியவைத்தார்கள், 1913இல் 250 கிலோவாட் நிலையமே வந்துவிட்டது. அங்கேயும் அடியில் நெருப்புப் பாறை மேலோட்டமாக இருக்கிறது.

ஆனால் தம்பி, சூடு மட்டும் போதாது. இதைத்தான் நான் அங்கே போய்க் கற்றுக்கொண்டேன். சூட்டைத் தூக்கி வரத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் ஓடப் பாறையில் வெடிப்பு வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலைக்காகாது. போர் போட்டவர் நீங்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஊற்று அடித்திருக்கும், நம் தோட்டத்தில் புகை பறக்கும். புவிவெப்பமும் அதே சூதுதான், தொகைதான் பெரிது. 3,000 மீட்டர் துளைக்கு ரிக் இரவு பகலாக இரண்டு மாதம் ஓடும். ஒரு துளைக்குப் பல பத்துக் கோடி ரூபாய். புது இடத்தில் போடும் முதல் துளைகளில் பத்துக்கு நாலு வீண்.

அப்படி ஒன்றைக் கிட்ட இருந்து பார்த்தேன். எந்த இடம், யாருடைய துளை என்பது வேண்டாம். துளை முடிந்து கேசிங் இறக்கி, சூடு ஏறட்டும் என்று மூடி வைத்துவிட்டார்கள். கீழே சூடு அருமையாக இருந்தது, 200க்கு மேல். திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. கம்ப்ரசர் வைத்துக் காற்றை அழுத்தி, உள்ளே நிற்கும் தண்ணீர் மட்டத்தைக் கீழே தள்ளி, வால்வை ஒரே மூச்சில் திறப்பது ஒரு வழி. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறப்பது போல. மூன்று தடவை செய்தார்கள். மூன்றாவது தடவை ஒரு நிமிடம் உறுமியது, பிறகு அடங்கிவிட்டது. பாறையில் வெடிப்பு இல்லை. அன்று ரிக் ஆட்கள் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

சரியாக வந்த துளையையும் பார்த்திருக்கிறேன். சோதனைக்குத் திறந்துவிடும்போது சைலன்சர் வைத்தும் காது அடைக்கும். வெள்ளைத் தூண் மாதிரி நீராவி எழும்பும். 26 வருடம் கரி எரித்து, சாம்பல் அள்ளி, பாய்லர் ட்யூப் ஓட்டை அடைத்து நீராவி பார்த்தவன் நான். இங்கே கரி இல்லை, சாம்பல் இல்லை, தரையிலிருந்து நேராக நீராவி வருகிறது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இருந்தாலும் அந்த நீராவி நெய்வேலி நீராவி ஆகாது. நெய்வேலியில் டர்பைனுக்குள் 535 டிகிரியில் போகும். ஓல்காரியாவில் 150ஐச் சுற்றி, அழுத்தம் ஐந்து பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு. ஒரு மெகாவாட் எடுக்க மணிக்கு ஏழு முதல் ஒன்பது டன் நீராவி தேவை. ஈரமும் அதிகம், பிளேடை அரிக்கும். நீராவியோடு சிலிக்கா வரும். ஓவர்ஹாலில் மூடியைத் தூக்கினால் நாசிலில் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும், உளி வைத்துத் தட்ட வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றம், அழுகிய முட்டை நாற்றம், துணியில்கூட நிற்கும். அந்த வாயு பட்டால் மின்பெட்டிக்குள் செம்பு கறுத்துவிடும், அதனால் கன்ட்ரோல் ரூமுக்குக் காற்றை வடிகட்டித்தான் விடுவார்கள். இதையெல்லாம் பராமரிக்கத் தெரிந்தால் வருடத்தில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் நிற்காமல் ஓடும். மழை பொய்த்து அணைகள் காய்ந்து கென்யா இருண்ட வருடங்கள் உண்டு. 1999, 2000இல் கடும் மின்வெட்டு. இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பூமிக்கடியிலிருந்து வருகிறது.

ஆனால் அந்த நிலைக்கு வர எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? ஓல்காரியாவில் முதல் இரண்டு துளை போட்டது 1956இல். அவை பயன்படவில்லை. முதல் 15 மெகாவாட் வந்தது 1981இல். இருபத்தைந்து வருடம்! அவ்வளவு நல்ல இடத்துக்கே அவ்வளவு பொறுமை.

பதில்: உவர்மலை

நான் திருகோணமலை. எங்கள் ஊரில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு இருக்கின்றன. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று சொல்லுவோம். அம்மம்மா செத்தபோது நாங்களும் அங்கேதான் போனோம். ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றினால் உடம்பு நோவு போய்விடும். இங்கே எரிமலையே இல்லை, ஆனாலும் தண்ணீர் சுடுகிறது. குறைந்த சூட்டிலும் மின்சாரம் எடுக்கும் முறை இருக்கிறது என்று கதைக்கிறார்கள். அப்படியானால் கன்னியாவில் ஏன் செய்யக்கூடாது?

பதில்: நெய்வேலி டர்பைன்

உவர்மலை நண்பரே, குறைந்த சூட்டு முறை உண்மைதான். சுடுநீரை டர்பைனுக்கு விடாமல், பென்டேன் மாதிரிக் குறைந்த சூட்டில் கொதிக்கும் திரவத்தை அதனால் கொதிக்கவைத்து, அந்த ஆவியில் டர்பைன் ஓட்டுவது. அலாஸ்காவில் சேனா வெந்நீர் ஊற்றில் 2006இலிருந்து வெறும் 74 டிகிரித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த ஓர் ஒதுக்குப்புற விடுதி அது.

ஆனால் அங்கே ஓடும் குளிர்ந்த தண்ணீர் நாலைந்து டிகிரி. சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே 70 டிகிரி இடைவெளி. அதிலும் எடுக்க முடிவது எட்டு சதவீதம்தான். கன்னியாவில் சூடு நாற்பதைச் சுற்றி, வெளியே முப்பது. பத்துப் பன்னிரண்டு டிகிரி இடைவெளியில், இயற்கை விதிப்படி குறையே இல்லாத இயந்திரம் செய்தால்கூட நாலு சதவீதத்தைத் தாண்டாது. உண்மையான இயந்திரத்தில் பம்பு ஓட்டவே அது போய்விடும். எரிமலை இல்லாமல் சுடுவதற்குக் காரணம், மழைத் தண்ணீர் வெடிப்பு வழியே ஆழம் போய்ச் சூடேறி, வேறு வெடிப்பு வழியே சீக்கிரம் மேலே வருவது. அந்த வழியைத் துளை போட்டுக் கலைத்துவிட்டால் கிணறே ஆறிப்போகலாம். அம்மம்மாவுக்குக் கிரியை செய்த தண்ணீர் அப்படியே இருக்கட்டும்.

பதில்: மாரிக்குப்பம் பேரன்

வெடிப்பு இல்லாவிட்டால் நாமே பாறையை உடைத்துத் தண்ணீர் விடும் முறை வந்திருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லவில்லையே ஐயா?

பதில்: நெய்வேலி டர்பைன்

சொல்கிறேன். பிரான்சில் சூல்ட்ஸ் என்ற ஊரில் ஐந்து கிலோமீட்டர் ஆழம் போய் இதைச் செய்து காட்டினார்கள். பல பத்தாண்டு உழைப்புக்குக் கிடைத்தது இரண்டு மெகாவாட்டுக்கும் குறைவு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 2006 டிசம்பரில் தண்ணீரை அழுத்தியதும் 3.4 அளவில் நிலம் ஆடியது, திட்டத்தையே மூடினார்கள். தென்கொரியாவில் போஹாங் நகரத்தை 2017 நவம்பரில் 5.4 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. அதைத் தூண்டியது பக்கத்தில் நடந்த புவிவெப்பத் திட்டம்தான் என்று அரசு அமைத்த குழுவே 2019இல் சொன்னது. இப்போது அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்று ஆட்களின் நுட்பத்தை வைத்து, துளையைக் கீழே படுக்கை வாக்கில் திருப்பி, நெவாடாவில் 2023இல் சுமார் மூன்றரை மெகாவாட் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். யூட்டாவில் பெரிதாகக் கட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் அங்கேயும் சூடு ஏற்கெனவே மேலோட்டமாக இருக்கும் பகுதியில்தான் செய்கிறார்கள். உங்கள் தாத்தாவின் பாறையில் இல்லை.

இன்னொன்று, தோட்டக்காரத் தம்பிக்காக. போர் வற்றுவது போல நீராவியும் வற்றும். கலிஃபோர்னியாவில் கீசர்ஸ் என்ற இடம் 1960இல் 11 மெகாவாட்டில் தொடங்கியது. ஆளாளுக்கு நிலையம் கட்டி எண்பதுகளின் கடைசியில் 2,000 மெகாவாட் வரை கொண்டுபோனார்கள். நீராவி இறங்கிவிட்டது. உள்ளே சூடு குறையவில்லை, தண்ணீர்தான் தீர்ந்தது. பிறகு பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த சாக்கடை நீரைக் குழாய் போட்டுக் கொண்டுபோய் உள்ளே விட்ட பிறகுதான் சரிவு நின்றது. பாதிக்கும் கீழே போய்த்தான் நின்றது.

பதில்: லடாக் லாரி

ராணுவத்தில் டிரைவராக இருந்தவன். ஊர் கம்பம். லடாக்கில் பூகா பள்ளத்தாக்கு வழியாக வண்டி ஓட்டியிருக்கிறேன். 14,000 அடிக்கு மேல். சுற்றிப் பனி, நடுவில் தரையிலிருந்து புகை. ஒரு இடத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். ஓரமெல்லாம் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் பூத்திருக்கும். கையுறையைக் கழற்றிக் கையைக் காட்டி நிற்போம். அங்கே மின்நிலையம் வருகிறது என்று அப்போதே சொன்னார்கள். இன்னும் வரவில்லையா?

பதில்: நெய்வேலி டர்பைன்

அண்ணே, நீங்கள் பார்த்ததுதான் இந்தியாவின் மிக நல்ல இடம். அந்த உயரத்தில் தண்ணீர் 84, 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் தளதளப்பு. வெள்ளை வெண்காரம், மஞ்சள் கந்தகம். எழுபதுகளிலேயே புவியியல் ஆய்வுத் துறை 34 துளை போட்டுப் பார்த்தது. எல்லாம் 400 மீட்டருக்கு உட்பட்ட சின்னத் துளைகள், நம் கொங்கு நாட்டுப் போர் ஆழம். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருடம் காகிதத்தில்தான் இருந்தது. இமாச்சலப் பிரதேசத்தின் மணிகரணில் ஐந்து கிலோவாட் சோதனைக் கருவி ஒன்று வைத்தார்கள், நிலச்சரிவில் போய்விட்டது. 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி பூகாவில் ஒரு மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் போட்டது. 2022இல் துளைக்கும்போது நீராவி அழுத்தத்தோடு கிளம்பி, சுடுநீர் ஓடையில் கலந்ததாகச் செய்தி வந்தது. கருங்கழுத்துக் கொக்கு வரும் ஈரநிலம் அது, சாங்பா மக்கள் ஆடு மேய்க்கும் இடம். பயப்பட வேண்டியதுதான், நின்றுவிடக் கூடாது.

ஒரு மெகாவாட் என்றால் நமக்குச் சின்னது. தமிழ்நாட்டுக் காற்றாலை மட்டும் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல். உலகம் முழுக்க நூறு வருடத்துக்கு மேலாகக் கட்டிய புவிவெப்பம் எல்லாம் சேர்ந்தே சுமார் பதினாறாயிரம்தான். ஆனால் குளிர்காலத்தில் மைனஸ் முப்பதில் டீசல் எரிக்கும் ஊருக்கு ஒரு மெகாவாட் உயிர். அதைவிட, மின்சாரம் எடுத்தபின் மிஞ்சும் சுடுநீரில் வீட்டைச் சூடாக்கலாம். ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடு பூமிச் சூட்டில்தான் சூடாகிறது. அங்கே போடும் பணம் வீண் இல்லை. அவிநாசியில் போட்டால் வீண்.

பதில்: அவிநாசித் தோட்டம்

அண்ணா, முழுக்கப் படித்தேன். வருத்தம் இல்லை, தெளிவு கிடைத்தது. ஒரு சந்தேகம் மட்டும். மின்சாரம் வேண்டாம், விவசாயத்துக்கு இந்தச் சூட்டை எங்காவது பயன்படுத்துகிறார்களா?

பதில்: நெய்வேலி டர்பைன்

நல்லாக் கேட்டீர்கள். கென்யாவில் ஓல்காரியாவுக்குப் பக்கத்தில் நைவாசா ஏரிக்கரையில் ரோஜாப் பண்ணைகள் உண்டு. ஓசேரியன் என்ற பண்ணை ஓல்காரியாவில் ஒரு துளையைக் குத்தகைக்கு எடுத்து, அந்தச் சூட்டைக் குழாய் வழியே பசுமைக்குடிலுக்குள் விட்டது. நைவாசா உயரமான ஊர், ராத்திரி குளிரும். விடியற்காலையில் இலையில் ஈரம் நிற்காமல் காய்ந்துவிட்டால் பூஞ்சை வராது, மருந்தடிப்பு குறையும். அந்த வேலையை 60, 70 டிகிரித் தண்ணீரே செய்துவிடும். டர்பைனுக்கு உதவாத துளை ரோஜாவுக்கு உதவும்.

உங்கள் 33 டிகிரிக்கு அதுவும் கஷ்டம். அம்மா குளிக்கட்டும். அளந்தீர்களா?

பதில்: அவிநாசித் தோட்டம்

அளந்துவிட்டேன் அண்ணா. இன்று காலை 5.40க்கு மோட்டார் போட்டேன். வெளியே 20. முதல் தண்ணீர் 27. அரை மணி கழித்துக் குழாய் வாயில் 34. ஒரு மணி நேரம் ஓட்டியும் 34தான், அசையவில்லை. மகள் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டாள். சித்திரையில் மறுபடி அளந்து போடச் சொல்கிறாள்.